பிடித்த பணம் போய்ச் சேர்ந்ததா?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்கு ஐ.டி.ஐ. முடித்த கையோடு போகும் இளைஞர்களிடம் எந்த ஆலையில் வேலை என்று கேட்டால் பளிச்சென்று சொல்வார்கள். சம்பளம் போடுவது யார் என்று கேட்டால் ‘கான்ட்ராக்டர்’ என்பதோடு நிற்கும். ‘நாளையிலிருந்து வர வேண்டாம்’ என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்த பிறகுதான் பி.எஃப். கணக்கைத் திறக்கிறார்கள். எட்டு மாதம் பிடித்திருப்பார்கள்; கணக்கில் இரண்டு மாதப் பணம் இருக்கும்.

நம்ம நேரம் சரியில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். நேரமல்ல, இது நம்பிக்கை மோசடிக் குற்றம். சம்பளத்தில் பிடித்த 12 சதவீதத்தைத் தன் பங்கோடு சேர்த்து அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் நிறுவனம் கட்ட வேண்டும். ஒப்பந்தக்காரர் கட்டாவிட்டால் வேலை வாங்கிய ஆலையே பொறுப்பு. ‘அது கான்ட்ராக்டர் சமாசாரம்’ என்று ஹெச்.ஆரில் சொன்னால் நம்பித் திரும்பக் கூடாது.

வேலையில் இருக்கும்போதே பார்க்க வேண்டும். 12 இலக்க யு.ஏ.என். எண்ணைக் கேட்டு வாங்கி, சொந்தச் செல்பேசி எண்ணை அதில் பதிய வேண்டும். மேஸ்திரியின் எண்ணை அல்ல. மாதக் கடைசியில் உமங் செயலியில் பாஸ்புக்கைத் திறந்தால் மூன்று தொகைகள் தெரியும். அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாய் என்றால் தொழிலாளி பங்கு 1,800, நிறுவனப் பங்கு 550, ஓய்வூதியத்துக்கு 1,250. நிறுவனத்தின் பங்கையும் தொழிலாளி சம்பளத்திலேயே கழிக்கும் ஆட்கள் உண்டு. அதுவும் சட்டவிரோதம்.

பணம் வரவில்லையா? பி.எஃப். நிறுவனத்தின் குறைதீர் இணையதளத்தில் யு.ஏ.என். கொடுத்துப் புகார் பதியலாம். எழுத்தில் கொடுப்பதென்றால் அலுவலகம் தெரிய வேண்டும். உறுப்பினர் எண்ணின் முதல் ஐந்து எழுத்துகள் அதைச் சொல்லிவிடும்: டி.பி.டி.ஏ.எம். என்றால் தாம்பரம், சி.பி.சி.பி.இ. என்றால் கோவை. சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், ஆலை அடையாள அட்டையின் இரு பக்க நகல் மூன்றையும் இணைக்க வேண்டும். வேலையை விட்டு நிற்கும் நாளில் அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொள்வார்கள். முதல் வாரமே படம் எடுத்து வைப்பது நல்லது.

இ.எஸ்.ஐ.யில் ஏமாறுவது இதைவிட மோசம். பிரஸ் மெஷினில் விரல் போனவரைத் தனியார் கிளினிக்கில் இறக்கிவிட்டு, “பைக்ல விழுந்துட்டேன்னு சொல்லு தம்பி” என்பார்கள். சொல்லவே கூடாது. ஆஸ்பத்திரிச் சீட்டில் அப்படி ஏறிவிட்டால் ஊனத்துக்கான உதவித்தொகை சிக்கலாகிவிடும். பணியிட விபத்துக்கு வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே காப்பீடு உண்டு. ஓய்வில் இருக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். ஆலை விபத்துப் பதிவேட்டில் அன்றே எழுதவைத்து, படிவம் 12 இ.எஸ்.ஐ.க்குப் போய்விட்டதா என்று கேட்க வேண்டும்.

புகார் கொடுத்தால் ‘நிறுவனத்தை அணுகவும்’ என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடும் அதிகாரிகள் இருக்கிறார்கள். பணத்தைத் தின்ற நிறுவனத்திடமே போகச் சொல்வதற்கு ஓர் அலுவலகம் எதற்கு? மறுபடியும் பதிய வேண்டும். மாதந்தோறும் 27ஆம் தேதி, அன்று விடுமுறையென்றால் அடுத்த வேலைநாளில், மாவட்ட அளவில் பி.எஃப். குறைதீர் முகாம் நடக்கிறது. பழைய புகார் எண்ணோடு அங்கே போய், மனுவின் நகலில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.