சும்மா இருக்கும் விரியலாக்கி ஏன் சுடுகிறது?

விழா மண்டபத்தில் யாரும் பேசத் தொடங்குமுன்பே, நாம் அம்பிளிபயர் என்று சொல்லும் விரியலாக்கியைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடாக இருக்கும். ஒலியே எழுப்பாத கருவி ஏன் சுடவேண்டும்?

அதன் இறுதிப் பகுதியில் பொதுவாக இரண்டு வலுத் திரான்சிற்றர்கள் சோடியாக வேலை செய்கின்றன. ஒலி அலையின் மேற்பாதியை ஒன்றும் கீழ்ப்பாதியை மற்றதும் ஒலிபெருக்கிக்கு அனுப்புகின்றன. ஆனால் சிலிக்கன் திரான்சிற்றரின் அடிக்கும் காலிக்கும் இடையே ஏறத்தாழ 0.6 வோல்ற்று கிடைத்தால்தான் அது நன்கு கடத்தும். ஆகவே ஒன்று ஓய்ந்து மற்றது தொடங்கும் இடத்தில் அலை முறிந்து, மெல்லிய குரல் கரகரக்கும். இதைத் தவிர்க்க, ஒலி இல்லாதபோதும் இரண்டிலும் சிறிது மின்னோட்டம் ஓடும்படி முன்கூட்டியே அழுத்தம் கொடுக்கிறார்கள். இதுவே கோடல். இவ்வாறு இயங்குவது ஏபி வகுப்பு விரியலாக்கி. நாம் உணரும் சூட்டுக்கு அந்த ஓய்வு மின்னோட்டமும் ஒரு காரணம்.

இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. வெப்பநிலை 1 பாகை செல்சியஸ் கூடினால், அதே மின்னோட்டத்துக்குத் தேவையான அடி-காலி அழுத்தம் ஏறத்தாழ 2 மில்லிவோல்ற்று குறைகிறது. கோடல் மாறாமல் நின்றால் மின்னோட்டம் கூடும். அது மேலும் சூடாக்கும். சூடு மின்னோட்டத்தை மேலும் கூட்டும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். நேர், மறை 35 வோல்ற்று வழங்கல். ஒவ்வொரு காலியிலும் 0.22 ஓம் தடையி. 27 பாகையில் ஓய்வு மின்னோட்டம் 50 மில்லியம்பியர். அப்போது இரு திரான்சிற்றர்களும் சேர்ந்து வெப்பமாக்கும் வலு ஏறத்தாழ 3.5 வாற்று. கோடலை மாற்றாமல் அவை 77 பாகைக்குச் சூடானால் மின்னோட்டம் ஏறத்தாழ 270 மில்லியம்பியராகும். வலு 19 வாற்றை நெருங்கும். இது நிற்காமல் தொடர்ந்தால் திரான்சிற்றர் எரிந்துவிடும்.

தானியங்கிக் கோடற் சுற்று இதற்கு ஒரு காவலாளி. காலித் தடையிகளின் அழுத்தத்தை அளந்து, மின்னோட்டம் கூடினால் கோடலைக் குறைக்கும், குறைந்தால் கூட்டும். ஆனால் ஒலி உரத்தவுடன் ஒரு திரான்சிற்றரில் பல அம்பியர் ஓடும். மற்றதில் மிகக் குறைவே ஓடும். சராசரியை மட்டும் அளக்கும் சுற்று இதைச் சூடு என எண்ணி, கோடலைக் குறைத்துவிடும். மீண்டும் கரகரப்பு! அதனால் சில சுற்றுகள் இரு மின்னோட்டங்களின் பெருக்கத்தை மாறாமல் வைக்கின்றன. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும், ஆனால் பூச்சியமாகாது.

இப்படியான சுற்றைப் பாகங்கள் வாங்குமுன்பே கணினியில் போலச்செய்து பார்க்கலாம். 1970களில் அமெரிக்காவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான ஸ்பைஸ் என்ற மென்பொருளே இதற்கு அடிப்படை. அதன் வழிவந்த எல்ரிஸ்பைஸை இலவசமாகப் பெறலாம்.

ஆனால் கவனம் தேவை. நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஸ்பைஸ் எல்லாப் பாகங்களையும் 27 பாகையிலேயே வைத்திருக்கும். அந்த நிலையில் எந்தக் கோடற் சுற்றும் நல்ல பிள்ளையாகவே தெரியும்! எனவே மூன்று சோதனைகள் அவசியம். முதலாவது, வெப்பநிலையைப் படிப்படியாக உயர்த்தி ஓய்வு மின்னோட்டத்தைக் கவனித்தல். இரண்டாவது, திரான்சிற்றர் வகையை மாற்றிப் பார்த்தல். மூன்றாவது, உரத்த சைன் அலையைக் கொடுத்து, திடீரென நிறுத்தி, மின்னோட்டம் பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்று பார்த்தல்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. கணினியில் உள்ள திரான்சிற்றரிலிருந்து புகை வராது. 100 அம்பியர் ஓடினாலும் அது அமைதியாக வரைபு கீறிக் காட்டும். அது தாங்குமா என்று பார்ப்பது நம் பொறுப்பு.

ஆய்வுகூடத்தில் ஒரு பிழைக்கு ஒரு சோடித் திரான்சிற்றர் போகும். கணினியில் ஒன்றும் போகாது. பெற்றோர்களே, உங்கள் மகள் மடிக்கணினியில் கோடுகளும் வளையிகளுமாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தால், என்னவென்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவள் ஒரு விரியலாக்கியை எரியாமல் காத்துக்கொண்டிருக்கலாம்.