அத்தனை அடியும் எனக்கே!

ஐந்து பேர் குழுவில் மூன்று பேர் அடிப்பார்கள், ஒருவர் வைத்தியம் பார்ப்பார், மிச்சமிருக்கும் ஒருவர் அடி வாங்குவார். 2004-ல் வெளிவந்த வேர்ல்டு ஆஃப் வார்க்ராஃப்ட் என்ற கணினி விளையாட்டில் குகைக்குள் போகிறவர்களின் வழக்கமான பங்கீடு இது. அடி வாங்குகிறவருக்குப் பெயர் டேங்க். ஒரே ஒரு எதிரியிடம் அடி வாங்க எவருக்கும் வரும். ஆறு பேரிடம் ஒரே நேரத்தில், அதில் ஒருத்தன்கூட வேறு பக்கம் தலையைத் திருப்பாதபடி? அதை ஒரு டேங்கின் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். அப்பப்பா!

ஆர்.எஸ்.புரத்தில் டி.பி. ரோட்டுக் கடைகள் ஷட்டரை இறக்கிய பிறகுதான் இந்த ஆட்டம் சூடு பிடிக்கிறது. இதற்கு இந்தியாவில் சர்வர் கிடையாது. என் அக்கா மகள் சேர்ந்திருப்பது ஐரோப்பிய சர்வரில். அங்கே கோடையில் இரவு எட்டு மணி என்றால் நமக்குப் பதினொன்றரை. அம்மா அப்பா தூங்கியாச்சு, ஹெட்செட் மாட்டியாச்சு, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கிண்ணம் காரப்பொரி. "ஏனுங்க சித்தி, இப்பப் பாருங்க, அத்தன பேரும் என்னத்தான் அடிக்கப் போறாங்க!" என்றாள் முகமெல்லாம் சிரிப்பாக.

அவள் ஆடுவது பாலடின். கேடயமும் மந்திரமும் சேர்ந்த வீராங்கனை. போன இடம் ஷாட்டர்டு ஹால்ஸ், 2007-ல் வந்த பர்னிங் க்ரூஸேட் என்ற விரிவாக்கத்தில் உள்ள ஆர்க்குகளின் கோட்டை. அங்கே எதிரிகள் ஒற்றையாக வருவதில்லை, கும்பலாகத்தான் வருவார்கள்.

திரைக்குப் பின்னால் ஓடுவது ஒரு கோபக் கணக்கு. ஒவ்வொரு எதிரியிடமும் தனித்தனி ஏடு இருக்கிறது: யார் என்னை எவ்வளவு நோகடித்தார்கள் என்று. டேங்க்கின் கணக்கைப் பத்து சதவீதம் தாண்டினால், அருகில் நின்று அடிப்பவர் பக்கம் அந்த எதிரி திரும்பிவிடும். தள்ளி நின்று அடிப்பவருக்கு முப்பது சதவீதம் வரை சலுகை உண்டு. வைத்தியம் பார்க்கும் ஹீலரின் கதைதான் பாவம். அவர் நூறு புள்ளி குணப்படுத்தினால் பொதுவாக ஐம்பது புள்ளி கோபம் கிளம்பி, அங்கிருக்கும் எல்லா எதிரிகளுக்கும் பங்கு போகும். டேங்க் இன்னும் தொடாத எதிரி ஒன்று இருந்தால், முதல் வைத்தியம் முடிந்த கையோடு ஹீலர் மேல் பாயும். ஆக டேங்க்கின் வேலை ஆறு ஏடுகளிலும் ஒரே நேரத்தில் முதல் பெயராக இருப்பது. அடியைத் தாங்குவதெல்லாம் அதற்குப் பிறகு!

இனி அந்தச் சில விநாடிகள். கேடயத்தை வீசினாள். அது ஒருவன் மேல் பட்டு, அடுத்தவன் மேல் தாவி, மூன்றாமவனையும் தட்டியது. கோபம் கொண்டு மொத்தக் கும்பலும் புறப்பட்டது. இவளோ எதிரே நிற்காமல் சுவருக்குப் பின்னால் ஓடி ஒளிந்தாள்! எனக்குப் பதறியது. காரணம் வில்லாளிகள். கண்ணில் பட்டால் அவர்கள் தூரத்திலேயே நின்று எய்துகொண்டிருப்பார்கள். ஆள் மறைந்தால் தேடிக்கொண்டு ஓடி வரத்தான் வேண்டும். வந்தார்கள், அத்தனை பேரும் ஒரே குவியலாக. தரையில் பொன்னிற ஒளி பரவியது, கான்சிக்ரேஷன்: சுற்றிலும் எட்டு கஜத்துக்குள் கால் வைத்த எல்லாருக்கும் எட்டு விநாடி தொடர்ந்து சூடு. எட்டாவது விநாடியில் அடுத்தது தயார். என்ன கச்சிதமான கணக்கு!

அப்போதுதான் அவள் வலது கையைக் கவனித்தேன். மவுஸ் ஓயாமல் நுணுக்கி நுணுக்கித் திரும்பிக்கொண்டே இருந்தது. முதுகுப் பக்கமிருந்து விழும் அடியைக் கேடயத்தால் தடுக்க முடியாது. அதனால் ஆறு பேரையும் முகத்துக்கு நேராகவே வைத்திருக்க வேண்டும். கேடயத்தில் பட்ட ஒவ்வொரு அடிக்கும் அடித்தவனுக்கே சூடு திரும்பிப் போகிறது. ஹீலர் உடம்பில் ஏற்றும் உயிரில் பத்தில் ஒரு பங்கு மந்திர சக்தியாக அவளுக்கே வந்து சேர்கிறது. நிறைய அடி விழுந்தால் நிறைய வைத்தியம், நிறைய வைத்தியம் நடந்தால் நிறைய மந்திரம். எதிரிகள் சோப்ளாங்கியாக இருந்தால்தான் பாலடின் வறண்டு போவாள்! இந்த ஏற்பாட்டை யோசித்தவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போலிருந்தது.

இத்தனையும் கடலடி கேபிள் வழியே ஐரோப்பா போய்த் திரும்பும் தாமதத்தோடு நடக்கிறது. எதிரி நகர்வது இங்கே தெரிவதற்குள் அங்கே அவன் நகர்ந்து முடித்திருப்பான். அதனால் அவள் பார்த்துத் திரும்புவதில்லை. எங்கே வருவான் என்று ஊகித்து முன்கூட்டியே திரும்பிவிடுகிறாள்.

மற்ற மூவருக்கும் ஒரு ஒழுங்கு உண்டு. டேங்க் எவன் தலைமேல் மண்டையோட்டுக் குறி வைக்கிறாரோ, அவனைத்தான் முதலில் அடிக்க வேண்டும். திட்டத்தை மறந்து ஒருவர் பாய்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2005-ல் வெளியான லீராய் ஜென்கின்ஸ் வீடியோ இருக்கிறது. முட்டைகள் நிறைந்த அறைக்குள் தன் பெயரைக் கூவியபடி ஓடினார், குழுவே காலி.

அடிக்க ஆள் எப்போதும் மிகுதி, டேங்க்குக்கு எப்போதும் பஞ்சம். கோட்டையை முடித்து வெளியே வந்ததுமே அழைப்புகள் சரசரவென்று குவிந்தன. அதே ஹீலர் வருகிறார் என்று தெரிந்ததும் ஒன்றை ஒத்துக்கொண்டாள். அடுத்த சுற்றில் இரண்டு கும்பலை ஒன்றாக இழுக்கப் போகிறாளாம்!