உங்களுக்குத் தெரியுமா? பாசியில் ஓடுமா வண்டி?

● சேலையூர், சிட்லபாக்கம் பக்கம் ஏரியில் கழிவுநீர் கலந்தால் தண்ணீர் பச்சையாகிவிடுவது ஏன்? கழிவில் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் நுண்பாசிக்கு நல்ல உரம்.

● ஆனால் வயிறாரச் சாப்பிட்ட பாசியில், வண்டிக்கான டீசலாக மாற்றத் தேவையான எண்ணெய் குறைவு! நைட்ரஜன் கொடுக்காமல் பட்டினி போட்டால்தான் குளோரெல்லா போன்ற பாசிகள் எண்ணெயைச் சேர்த்துவைக்கும். அப்போது வளர்ச்சி மட்டுப்பட்டுவிடும்.

● அடுத்த தலைவலி தண்ணீர். திறந்த குளத்தில் லிட்டருக்கு அரை கிராமிலிருந்து ஒரு கிராம் பாசிதான் தேறும். ஒரு கிலோ பாசி வேண்டுமென்றால் 1,000 முதல் 2,000 லிட்டர் வரை வடிகட்ட வேண்டும்.

● எண்ணெய் கைக்கு வந்துவிட்டால் மீதி சுலபம். 100 கிலோ எண்ணெய்க்குச் சுமார் 10 கிலோ மெத்தனால், கொஞ்சம் காஸ்டிக் சோடா. ஏறக்குறைய 100 கிலோ பயோடீசல் கிடைக்கும். அடியில் தங்குவது கிளிசரின்.

● பாசியை உலர்த்தாமலும் எண்ணெய் எடுக்கலாம். ஈரத்தோடு மூடிய கலனில் அடைத்து, கடும் அழுத்தத்தில் 300 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றினால், கச்சா எண்ணெய் போன்ற கறுப்புத் திரவம் பிரியும்.

● சீமைக்கருவேல விறகு மாதிரி காய்ந்த பொருளுக்கு வேறு வழி. காற்றுப் படாமல் 500 டிகிரிக்குச் சூடாக்கினால் எண்ணெய், வாயு, கரி மூன்றும் கிடைக்கும்.

● தரமணியிலுள்ள முருகப்பா செட்டியார் ஆராய்ச்சி மையத்தில் சி.வி. சேஷாத்ரி குழுவினர், மண்பானையிலேயே சுருள்பாசி வளர்க்கும் முறையைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார்கள். எரிபொருளுக்கு அல்ல, சத்துணவுக்கு! சுருள்பாசியில் பாதிக்கு மேல் புரதம்; எண்ணெய் சொற்பம்.

● 1978 முதல் 1996 வரை அமெரிக்க அரசு 3,000-க்கும் மேற்பட்ட பாசி வகைகளைத் திரட்டி ஆராய்ந்தது. பாசி டீசல் கிடைத்தது. பெட்ரோலிய டீசலோடு விலையில்தான் போட்டிபோட முடியவில்லை.

● ஏரிகளை மூடும் ஆகாயத் தாமரையில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். எரிக்க உதவாது. நறுக்கி, சாணக் கரைசலோடு காற்றுப் புகாத தொட்டியில் போட்டால், நுண்ணுயிரிகள் அதை மீத்தேனாக மாற்றித்தரும்.

● இதே முறையில்தான் பெருங்குடி கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடிலிருந்து மீத்தேன் எடுத்து, எஞ்சினை ஓட்டி மின்சாரம் தயாரிக்க ஏற்பாடு செய்தது சென்னைக் குடிநீர் வாரியம். வடிகட்டி உலர்த்தும் செலவு இல்லை. பாசி டீசலைச் சாக்கடை வாயு முந்திக்கொண்டது அதனால்தான்!