உப்புக் காற்றில் நிலைக்கும் எழுத்துகள்

'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்பது நாம் அனைவரும் அறிந்த பழமொழி. பண்டத்துக்குச் சுவை தரும் அதே உப்பு இரும்பைத் தின்றுவிடும் என்பதையும் மரக்காணம் கரையோரத்தில் நாம் நாள்தோறும் காண்கிறோம். சன்னல் கம்பி, கிணற்று உருளை, மிதிவண்டிச் சக்கரம் எதுவும் அதற்குத் தப்புவதில்லை.

மரக்காணத்திலிருந்து புதுச்சேரி நோக்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்றால் கூனிமேடு வரும். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி வாணிகம் நடத்திய பழைய ஊர் இது. கிழக்கே வங்கக் கடல். வடக்கே மரக்காணத்து உப்பளங்கள். இங்கே ஒருவர் சிறு கடை திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சேமிப்பில் ஒரு பங்கைச் செலவிட்டுக் கடையின் பெயரைப் பளபளக்கும் உலோக எழுத்துகளில் சுவரில் பதிக்கிறார். இரண்டு மழைக்காலம் கழிவதற்குள் ஒவ்வோர் எழுத்தின் அடியிலும் பழுப்பு நிறக் கண்ணீர் வழிந்தால் அவர் மனம் என்ன பாடுபடும்! அப்படி நேராமல் காப்பது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

உப்பு செய்யும் வேலை

இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றும் வேண்டும். அலை உடையும்போது எழும் நுண்ணிய துளிகள் காற்றில் பறந்து வந்து எல்லாப் பொருள்களின்மேலும் உப்பாகப் படிகின்றன. கரைக்கு அருகே இது மிகுதி. உள்ளே செல்லச் செல்லக் குறையும்.

மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடியில் நீர் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். உப்புப் படிந்த உலோகமும் அவ்வாறே மழை இல்லாத நாளிலும் நனைந்தே இருக்கும். துருப்பிடித்தல் மின்னோட்டத்தோடு கூடிய வேதிவினை. உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் அவ்வினை விரைகிறது.

இதில் ஒரு வியப்பும் உண்டு. மழையில் நனையும் எழுத்தைவிடக் கூரையின்கீழ் ஒதுங்கியிருக்கும் எழுத்தே விரைவில் கெடக்கூடும்! காரணம் எளிது: மழை உப்பைக் கழுவிவிடுகிறது, கூரையின்கீழ் உப்பு சேர்ந்துகொண்டே போகிறது.

எந்த உலோகம் நல்லது?

வண்ணம் பூசிய இரும்பு மலிவானது. ஆனால் ஒரு கீறல் விழுந்தாலே போதும், துரு உள்ளே நுழைந்து வண்ணத்தை உப்பவைக்கும். துத்தநாகம் பூசிய தகட்டில் துத்தநாகம் தன்னை அழித்துக்கொண்டு இரும்பைக் காக்கும். அது தீர்ந்ததும் காவலும் தீர்ந்தது.

பித்தளை நம் நாட்டுக்குப் பழக்கமான உலோகம். நாச்சியார்கோவில் குத்துவிளக்கைப்போலப் பித்தளை எழுத்தையும் அச்சில் வார்க்கலாம். ஆயினும் கடற்காற்றில் பொலிவு மங்கிக் களிம்பு ஏறும். வீட்டுக் குடத்தைப் புளியிட்டுத் தேய்க்கிறோம். சுவரில் உயரே இருக்கும் எழுத்தை வாரந்தோறும் யார் தேய்ப்பார்? நாளடைவில் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து வெளியேறி, எஞ்சிய உலோகம் வலுவிழப்பதும் உண்டு.

அலுமினியம் எடை குறைந்தது. காற்றுப் பட்டதும் மெல்லிய காப்புப் படலத்தைத் தானே போர்த்திக்கொள்ளும். உப்பு அப்படலத்தைத் துளைத்துச் சிறு குழிகளை உண்டாக்கும். ஆகவே மின்முறையால் படலத்தைத் தடிப்பாக்கிய அலுமினியமே இங்கு ஏற்றது.

அடுத்தது நம் சமையலறைத் தோழனாகிய எவர்சில்வர். 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகு ஒன்றை உருவாக்கினார். இவ்வகை எஃகிலுள்ள குரோமியம் கண்ணுக்குத் தெரியாத படலமாக மேலே நிற்கிறது. கீறல் விழுந்தாலும் காற்றுப் பட்டதும் படலம் தானே கூடிக்கொள்கிறது. 304 என்னும் வகையில் ஏறக்குறைய 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உண்டு. கடலருகே அதன்மேல் தேநீர் நிறக் கறை படியலாம். 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் சேர்ந்த 316 வகை உப்பை மேலும் தாங்கும். விலை கூடுதல்தான், கரையோரக் கடைக்கு அதுவே தக்கது.

நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய 202 என்னும் மலிவு வகையும் உண்டு. புதிதில் இதுவும் அதேபோல் மின்னும். "காந்தம் ஒட்டவில்லை, நல்ல சரக்குதான்" என்று சிலர் தேறுதல் அடைவர். மூன்று வகைகளுமே பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டா! எனவே வகையின் எண்ணை ரசீதில் எழுதி வாங்குவதே அறிவுடைமை.

நம் மாநிலத்திலேயே இத்தகைய ஆராய்ச்சி நடைபெறுகிறது என்பது நமக்குப் பெருமை. வள்ளல் அழகப்பச் செட்டியார் ஈந்த நிலத்திலும் பொருளிலும் காரைக்குடியில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் 1953இல் திறக்கப்பட்டது. கடற்காற்றும் கடல்நீரும் உலோகங்களை எப்படி அரிக்கின்றன என்பதை அறிய, மண்டபம் கடற்கரையில் அதற்கு ஓர் ஆய்வு நிலையம் இருக்கிறது. அதனருகே பாம்பனில் 1914 முதல் உப்புக் காற்றோடு போராடிய ரயில் பாலம் அரிப்பினால் தளர்ந்தது. 2022இல் அதில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. 2025இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைப் பயன்படுத்தியுள்ளனர். பாலத்துக்குரிய பாடம் சிறு எழுத்துக்கும் பொருந்தும் அன்றோ?

எழுத்து உருவாகும் விதம்

முதலில் எழுத்தை உரிய அளவில் தாளில் வரைவர். அந்த வடிவில் தகட்டை வெட்டுவர். முன்பு கைவாளும் அரமும் செய்த இவ்வேலையை இப்போது கணினி இயக்கும் லேசர் கதிர் செய்கிறது. பிறகு ஓரத்தைச் சுற்றி நாடா போன்ற தகட்டை வளைத்துப் பற்றவைத்தால் பெட்டிபோல் புடைத்த எழுத்து கிடைக்கும். பற்றவைத்த இடத்தில் நீலமும் பழுப்புமாகக் கறை தோன்றும். அங்கே குரோமியத்தின் காவல் குன்றியிருப்பதால் கறையை முற்றிலும் நீக்கிவிட வேண்டும். இரும்பைத் தேய்த்த அரத்தால் எவர்சில்வரைத் தேய்க்கவும் கூடாது. ஒட்டிக்கொள்ளும் இரும்புத் துகள்கள் பின்னர் துருப்புள்ளிகளாகும்.

கெடுவது முகமன்று, முதுகு

இவ்வளவு செய்தும் பழுப்புக் கண்ணீர் வழிவது ஏன்? பெரும்பாலும் குற்றம் எழுத்தினுடையதன்று. அதைத் தாங்கும் ஆணியினுடையது. வெவ்வேறு இரு உலோகங்கள் உப்புநீரில் தொட்டு நின்றால் அவை மின்கலம்போல் ஆகி, ஒன்று மற்றொன்றுக்காக அழியும். பெரிய எவர்சில்வர் எழுத்தில் சிறிய இரும்புத் திருகாணியை முடுக்கினால் திருகாணி விரைவில் தேய்ந்துபோகும். துரு இரும்பைவிடப் பன்மடங்கு இடம் கேட்பதால் சுவர்ப்பூச்சும் வெடிக்கும்.

ஆகவே எழுத்தின் உலோகத்திலேயே திருகாணியும் அமைய வேண்டும். எழுத்தைச் சுவரோடு ஒட்டாமல் விரற்கடை இடைவெளி விட்டு நிறுத்தினால் காற்று புகும். மழை உப்பைக் கழுவும். பெட்டி எழுத்தின் அடியில் சிறு துளையிட்டால் உள்ளே சேரும் நீர் வடியும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவுதல் நலம். இரும்பு நாரால் மட்டும் தேய்க்கலாகாது.

தமிழ் எழுத்துக்கு ஒரு தனி எச்சரிக்கையும் உண்டு. நம் மெய்யெழுத்தின் புள்ளி தனித்து நிற்பது. பெரும்பாலும் ஒரே ஒரு காலில் சுவரைப் பற்றியிருப்பது. முதலில் விழுவது அதுவே! விழுந்தால் 'உப்பு' என்பது 'உபபு' ஆகிவிடும். புள்ளிக்கு இரண்டு கால்கள் வைப்பதும், மெல்லிய பட்டையால் எழுத்தோடு பின்புறம் இணைப்பதும் நல்ல வழிகள்.

இன்னொன்றும் நினைவில் வைப்போம். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணை, லை, னை முதலியவற்றின் உருவம் மாறியது. வண்ணத்தில் எழுதிய பலகையை அழித்து எழுதலாம். உலோகத்தில் வெட்டியதை அழிக்க இயலாது. நீடித்து நிற்கும் எழுத்தில் பிழையும் நீடித்தே நிற்கும். தகட்டை வெட்டுமுன் தாளில் ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்ப்பது, பணச்செலவில்லாத காவல்.

அடுத்த முறை கடைத்தெருவில் செல்லும்போது, தோழியரே, எழுத்துகளின் பளபளப்பை மட்டும் பாராது அவற்றின் அடியையும் முதுகையும் சற்றே உற்று நோக்குவோம். கண்ணுக்குத் தெரியாத ஆணியிலும் கவனம் வைத்த தொழிலாளியின் நேர்மையை அங்கே நாம் படிக்கலாம்.