கைபேசி காட்டும் கடல் வழி

பத்தாயிரம் ரூபாய்க்கும் குறைந்த விலையில் கிடைக்கும் கைபேசி இன்று நம் அங்கத்தினர் பலர் வீடுகளில் இருக்கிறது. நூல் விலையை விசாரிக்கவும், கொள்முதல் நிலையத்தின் செய்தியை அறியவும் அது உதவுகிறது. ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றும் செயற்கைக் கோள்களின் சமிக்ஞையை ஏற்கும் சிறு பகுதி ஒன்றும் அதே கருவிக்குள் அமைந்திருக்கிறது. அதைத் தம் தொழிலுக்கும் உயிருக்கும் துணையாகக் கொண்டிருப்பவர்கள் நம் கடற்கரை மீனவர்கள். நெசவாளரும் உழவரும் வாசிக்கும் இவ்விதழில் அவர்களுடைய தொழிலை முன்னிட்டு இக்கருவியின் பயனையும் எல்லையையும் ஆராய்வது பொருத்தமென்று எண்ணுகிறோம்.

தாமிரபரணி கடலோடு கலக்குமிடத்தில் இருப்பது புன்னைக்காயல். அதன் எதிரே விரிந்து கிடப்பது மன்னார் வளைகுடா. இக்கடலின் அடியில் ஆங்காங்கே பாறைத் திட்டுகள் உண்டு. அவற்றைப் 'பார்' என்பர். முத்துச்சிப்பி விளைந்ததும், மீன் கூட்டம் தங்குவதும் இப்பார்களிலேயே. மேலிருந்து நோக்குவோருக்கு நீர் எங்கும் ஒன்றாகவே தோன்றும். எனினும் நம் முன்னோர் பாரைக் கண்டுகொள்ள எளிய முறையொன்றைக் கையாண்டனர். கரையிலுள்ள இரண்டு அடையாளங்கள் ஒரே நேர்கோட்டில் வருமாறு படகைச் செலுத்துவர். வேறொரு பக்கத்தில் இன்னும் இரண்டு அடையாளங்களை அவ்வாறே பொருத்துவர். இரு கோடுகளும் சந்திக்குமிடமே பார். திருச்செந்தூர்க் கோபுரம், மணப்பாட்டுக் குன்று போன்ற உயர்ந்த அடையாளங்களால் கடலோடிகள் பெற்ற உதவி சிறிதன்று.

தூத்துக்குடியில் அரசாங்கத்தார் நடத்திவந்த முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றது. தொலாயிரம் பார் முதலிய பெயர்கள் மட்டும் வழக்கில் இருக்கின்றன. கரை அடையாளங்களைக் கொண்டு பார்களை அறியும் முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். மழையும் மூட்டமும் கரையை மறைத்தால் அம்முதியோராலும் ஒன்றும் செய்யவியலாது. இந்தக் குறையைத்தான் கைபேசி நீக்குகிறது.

அது வேலை செய்யும் விதத்தைச் சுருங்கக் கூறுவோம். ஒவ்வொரு செயற்கைக் கோளும் அணுக் கடிகாரத்தின் துணையால் தான் சமிக்ஞையை அனுப்பும் நேரத்தை இடைவிடாது அறிவித்துக்கொண்டிருக்கிறது. அச்செய்தி ஒளியின் வேகத்தில், அதாவது விநாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. வந்து சேர எடுத்த காலத்தைக் கொண்டு தூரத்தைக் கைபேசி கணக்கிடுகிறது. நான்கு கோள்களின் செய்தி கிடைத்தால் தன் இடத்தை அது அறிந்துகொள்ளும். அமெரிக்க நாட்டின் ஜி.பி.எஸ். அமைப்பு 1995-இல் முழுமை பெற்றது. ராணுவக் காரணங்களுக்காகப் பொதுமக்களின் சமிக்ஞையில் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்த பிழை 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கப்பட்டது. இன்று திறந்த வானத்தின் கீழ்ச் சாதாரணக் கைபேசியும் ஏறக்குறைய 5 மீட்டர் அளவுக்குள் இடத்தைக் காட்டுகிறது.

இங்கே பொதுவாக நிலவும் ஒரு தவறான எண்ணத்தை அகற்ற வேண்டும். கரைக் கோபுரத்தின் தொடர்பு அற்றுவிட்டால் இடம் அறிவதும் நின்றுவிடும் என்று பலர் நினைக்கின்றனர். அப்படியன்று. கைபேசி கோள்களுக்கு எதையும் அனுப்புவதில்லை. அவை கூறுவதைக் கேட்கிறது, அவ்வளவே. ஆனால் கோள்கள் எங்கெங்கே இருக்கின்றன என்னும் குறிப்பைக் கரையில் இணையத்தின் வழியாக அது விரைவில் பெற்றுவிடுகிறது. நடுக்கடலில் கருவியைப் புதிதாகத் திறந்தால் அக்குறிப்பையும் கோள்களிடமிருந்தே மெதுவாகப் பெறவேண்டும். அதற்குச் சில நிமிஷங்கள் பிடிக்கலாம். ஆகையால் புறப்படுமுன் கரையிலேயே இடங்காட்டியை இயக்கி, வேண்டிய வரைபடத்தையும் கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

மலிவான கைபேசிகள் பலவற்றில் காந்த திசைகாட்டி இராது. அத்தகைய கருவி படகு நகரும்போதுதான் செல்லும் திசையைக் கூறும். நின்ற படகில் அதன் அம்புக்குறியை நம்பிச் சுக்கானைத் திருப்பினால் வழி தவறும். சிறிய கை திசைகாட்டி ஒன்று எப்போதும் உடனிருக்கட்டும். கோபுரத்தைத் தேடித் தேடியே கைபேசியின் மின்சாரம் தீர்ந்துபோகும். 'விமானப் பயண' நிலையில் வைத்தால் நெடுநேரம் உழைக்கும், பெரும்பாலான கருவிகளில் இடங்காட்டியும் நிற்பதில்லை. உப்பு நீர் படாதவாறு உறையிட்டுக் கட்டிவைப்பதும் அவசியம்.

இடத்தை எழுதிக்கொள்வதில் நேரும் பிழை இவை எல்லாவற்றினும் அபாயகரமானது. புன்னைக்காயல் ஏறத்தாழ 8 பாகை 38 கலை வட அட்சரேகையில் உள்ளது. ஒரு பாகைக்கு 60 கலை. இதையே தசமமாக எழுதினால் 8.63 ஆகும். ஒருவர் '8-38' என்று குறித்துக் கொடுக்க, மற்றொருவர் அதை 8.38 என்று கருவியில் பதிந்தால் 28 கிலோமீட்டர் தெற்கே சென்றுவிடுவார். புன்னைக்காயலின் நேரே நிற்க வேண்டியவர் மணப்பாட்டின் நேரே நிற்பார். உதவிக்கு வரும் படகுக்கு இவ்வாறு இடத்தைக் கூறினால் விளைவு என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஓர் ஊரிலுள்ள படகுகள் யாவும் ஒரே முறையில் இடத்தைக் குறிக்கும் வழக்கத்தைக் கைக்கொள்வது நலம்.

இனிக் கைபேசியால் இயலாதவற்றைப் பார்ப்போம். அது ஆழத்தை அறியாது. கைபேசியிலுள்ள பொது வரைபடம் சாலைகளுக்காக ஏற்பட்டது. மணல் திட்டுகளை அது காட்டாது. 2023 டிசம்பரில் தாமிரபரணியில் பெருகிய வெள்ளம் புன்னைக்காயலைச் சூழ்ந்ததை நாம் மறக்கவில்லை. வெள்ளம் மணலை வாரிக்கொண்டு வரும் முகத்துவாரத்தில், சென்ற பருவத்தில் பதிந்துவைத்த வழி இப்பருவத்திலும் இருக்குமென்று கொள்ளலாகாது. அங்கே கண்ணும், ஆழம் பார்க்கும் கோலுமே துணை.

மேலும், தான் இருக்குமிடத்தை அறிவது வேறு, பிறருக்கு அறிவிப்பது வேறு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, ஆழ்கடலில் இருந்த மீனவர் பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கரையிலிருந்து சுமார் 10, 12 கிலோமீட்டருக்கு அப்பால் கைபேசித் தொடர்பு கிட்டாததே காரணம். இக்குறையை நீக்கும்பொருட்டு 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்னும் சிறு கருவி வெளியிடப்பட்டது. நம் நாட்டின் 'ககன்' அமைப்பைச் சேர்ந்த செயற்கைக் கோள்கள் மூலம் வரும் புயல் எச்சரிக்கையையும் மீன்வளப் பகுதிகளின் விவரத்தையும் பெற்று, அருகிலுள்ள கைபேசிக்கு அது அனுப்புகிறது. ஆபத்தைக் கரைக்கு அறிவிக்க இஸ்ரோ நிறுவனத்தார் அமைத்த அபாய அறிவிப்புக் கருவி வேறு உண்டு. கரைத் தொடர்பு உள்ள இடத்தில் கடலோரக் காவல் படையின் 1554 என்னும் எண் நினைவில் இருக்கட்டும்.

கடல் எல்லையும் இவ்வாறே கவனிக்கத்தக்கது. மன்னார் வளைகுடாவில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உள்ள எல்லை 1976-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் வரையறுக்கப்பட்டது. நீரில் கோடு கிடையாது. வலை இட்டுக் காத்திருக்கும்போது நீரோட்டம் படகை ஓசையின்றி இழுத்துச் செல்லும். வலையிட்ட இடத்தைக் குறித்து, அரை மணிக்கு ஒருமுறை கைபேசியை நோக்குவாராயின் படகு எவ்வளவு விலகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்தச் சிறு கவனம் படகையும் வலையையும் ஆளையும் காக்கும்.

உழவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடலில் 5 மீட்டர் பிழை பெரிதன்று, வயலில் அப்படியன்று. ஒரு ஏக்கர் சதுர நிலத்தின் ஒரு பக்கம் ஏறத்தாழ 64 மீட்டர். அப்பக்கத்து வரப்பு 5 மீட்டர் தள்ளிக் காட்டப்பட்டால் ஏறக்குறைய 8 சென்ட் நிலம் கைமாறியதாகத் தோன்றும். பயிரிட்ட பரப்பை உத்தேசமாக அறியக் கைபேசி போதும். அதைக்கொண்டு அண்டை நிலத்தாரோடு வழக்காடப் போதாது. அதற்கு முறையான நில அளவையே வேண்டும்.

தனித்தனி மீனவரால் கைபேசி வாங்க முடிகிறது. ஆபத்துக் கருவி, பயிற்சி, உபரி மின்கலம் ஆகியவற்றுக்குக் கூட்டு முயற்சி வேண்டும். ஒவ்வொரு படகும் புறப்படும் நேரத்தையும், செல்லும் திசையையும், திரும்பும் நேரத்தையும் சங்கத்தில் ஒரு பதிவேட்டில் எழுதிவைத்தால், திரும்பாத படகை எங்கே தேடுவது என்பது அன்றிரவே தெரியும். இதற்கு ஒரு நோட்டுப் புத்தகத்தின் விலைதான் செலவு. முதியோரின் பார் அடையாளங்களையும், அவர்கள் இசைவோடு, அவர்கள் கண்ணெதிரிலேயே பதிந்துகொள்ளலாம். தன் பாரை மறைத்து வைப்பது மீனவர் இயல்பு. அது அவர் தேடிய சொத்து, அதில் குறை காண்பதற்கில்லை. ஆயினும் சொல்லாமலே மறைந்தவரின் பார் அவர் பிள்ளைக்கும் கிட்டாமற் போகிறது. பகிர விரும்பாதவர் தம் மகனுடைய கைபேசியிலாவது அதைக் குறித்துக் கொடுப்பாராக.

கருவி இருக்குமிடத்தைச் சொல்லும். நேரத்துக்குத் திரும்பாதவரைத் தேடிப் புறப்படுவோர் மனிதரே. அந்த ஏற்பாட்டை நம் சங்கங்கள் அடுத்த பருவத்துக்கு முன்பே செய்துகொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.