மாமனார் பிரதமர்... கேள்வி கேட்டது மருமகன்! எல்.ஐ.சி பணம் முதல் சியாச்சின் கண்ணாடி வரை நாடாளுமன்றம் கேட்ட கணக்கு

வீட்டு பீரோவைத் திறந்தால் பத்திரம், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் மார்க் ஷீட் ஆகியவற்றோடு ஒரு எல்.ஐ.சி பாலிசியும் இருக்கும். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, 'நாளைக்கு நமக்கு ஒன்று ஆனாலும் குடும்பம் தெருவுக்கு வந்துவிடக் கூடாது' என்று கட்டிய பணம் அது.

அந்தப் பணத்தை எடுத்து, தள்ளாடிக்கொண்டிருந்த ஒரு தொழிலதிபரின் கம்பெனிப் பங்குகளை வாங்கினால்?

அப்படி ஒன்று 1957-ல் நடந்தது. அதைக் கேள்வி கேட்டே வெளியே கொண்டுவந்தது நாடாளுமன்றம். அதில் முன்னால் நின்றவர் எதிர்க்கட்சிக்காரர் இல்லை. ஆளும் காங்கிரஸின் எம்.பி. அதிலும், அன்றைய பிரதமர் நேருவின் மருமகன், இந்திரா காந்தியின் கணவர் ஃபெரோஸ் காந்தி.

ஒரு வயசுக் குழந்தைக்கு வந்த சோதனை

இந்தக் கதைக்கு ஒரு முன்கதை உண்டு. 1950-களின் நடுப்பகுதி வரை இன்ஷூரன்ஸ் தொழில் தனியார் கையில்தான் இருந்தது. சில முதலாளிகள் பாலிசிதாரர்களின் பணத்தைத் தங்கள் சொந்தத் தொழிலுக்குத் திருப்பிவிடுகிறார்கள் என்று 1955 டிசம்பரில் மக்களவையில் புள்ளிவிவரத்தோடு பேசினார் ஃபெரோஸ் காந்தி. அடுத்த ஆண்டே ஆயுள் காப்பீட்டுத் தொழில் தேசியமயமானது. 245 நிறுவனங்கள் ஒன்றாக்கப்பட்டு, 1956 செப்டம்பர் 1-ல் எல்.ஐ.சி பிறந்தது.

பாலிசிதாரரின் பணம் இனி பத்திரம் என்று எல்லோரும் நம்பினார்கள். ஒரு வருடம்கூட முடியவில்லை. 1957 ஜூன் மாதம், கல்கத்தாவைச் சேர்ந்த ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரோடு தொடர்புள்ள 6 கம்பெனிகளின் பங்குகளை எல்.ஐ.சி வாங்கியது. மதிப்பு சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய். அன்றைக்கு அது மலைக்கவைக்கும் தொகை. எங்கே முதலீடு செய்யலாம் என்று ஆலோசனை சொல்ல எல்.ஐ.சி-க்கென ஒரு முதலீட்டுக் குழு இருந்தது. அதைக் கலந்துகொள்ளாமலேயே பேரம் முடிந்துவிட்டது.

முதல் கேள்வி... நழுவிய பதில்

1957 செப்டம்பர் 4. காங்கிரஸ் எம்.பி ராம் சுபக் சிங்கின் கேள்வி மக்களவையில் வந்தது. ஒரு தனி நபரோடு தொடர்புள்ள கம்பெனிகளின் பங்குகளை எல்.ஐ.சி பெருமளவில் வாங்கியது உண்மையா என்பதுதான் சாரம். நிதி அமைச்சகத்திடமிருந்து வந்தது பிடிகொடுக்காத பதில்.

பெரும்பாலான கேள்விகள் இந்த இடத்தில்தான் செத்துப்போகும். கேட்டவர் கேட்டார், சொன்னவர் சொன்னார், கதை முடிந்தது என்று எல்லோரும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். இந்த முறை அப்படி நடக்கவில்லை.

அடுத்த கூட்டத்தொடருக்குள் ஃபெரோஸ் காந்தி ஆவணங்களைத் திரட்டினார். எந்தத் தேதியில் எந்தப் பங்கு என்ன விலைக்குப் போனது, எல்.ஐ.சி என்ன விலை கொடுத்தது என்று வரிசையாக எழுதிவைத்தார். டிசம்பர் 16-ம் தேதி அவையில் எழுந்து, அத்தனையையும் அடுக்கினார். சந்தை விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்து வாங்கியது ஏன், யார் சொல்லி வாங்கியது என்ற கேள்விகளுக்கு அதன் பிறகு நழுவ வழியில்லை.

அப்போது நிதியமைச்சர், சென்னைக்காரரான டி.டி.கிருஷ்ணமாச்சாரி. 'டி.டி.கே' என்றால் தமிழ்நாட்டில் தெரியாதவர்கள் குறைவு. தொழில் தெரிந்தவர், கெட்டிக்காரர், நேருவின் நம்பிக்கைக்குரியவர். ஆனால் கேள்வி அவருடைய மேஜைக்கு வந்துவிட்டது.

பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி.சாக்ளா தலைமையில் ஒரு நபர் ஆணையம் போடப்பட்டது. விசாரணை மூடிய அறையில் நடக்கவில்லை. பொதுமக்கள் முன்னிலையில் நடந்தது. கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி வைக்க வேண்டியிருந்தது. தங்கள் பிரீமியம் பணம் என்ன ஆனது என்பதை ஜனங்கள் தெருவில் நின்று கேட்டார்கள்.

ஆண்டுக்கணக்கில் இழுக்காமல், சில வாரங்களில் அறிக்கை வந்தது. செயலாளர் செய்த காரியத்துக்கும் அவையின் முன்னால் அமைச்சர்தான் பொறுப்பு என்றார் சாக்ளா. 'எனக்குத் தெரியாது, அதிகாரிகள் செய்தார்கள்' என்று சொல்லித் தப்ப முடியாது என்பதுதான் அதன் அர்த்தம். 1958 பிப்ரவரியில் டி.டி.கே பதவி விலகினார். முந்த்ரா சிறைக்குப் போனார். டி.டி.கே பின்னாளில் மீண்டும் நிதியமைச்சரானது தனிக் கதை.

ஜீப் கணக்கு என்ன ஆனது?

எல்லாக் கேள்விக்கும் இப்படி முடிவு கிடைத்துவிடாது. அதிலும் ராணுவம் என்று வந்துவிட்டால் 'தேசப் பாதுகாப்பு' என்ற ஒரு சொல் குறுக்கே வந்து நிற்கும்.

1948-ல் காஷ்மீரில் சண்டை நடந்துகொண்டிருந்தது. ராணுவத்துக்கு அவசரமாக ஜீப்புகள் தேவை. லண்டனில் இந்தியத் தூதராக இருந்த வி.கே.கிருஷ்ண மேனன், வழக்கமான நடைமுறைகளைத் தாண்டி ஒரு வெளிநாட்டு நிறுவனத்தோடு சுமார் 80 லட்சம் ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டார். பணத்தில் பெரும்பகுதி முன்கூட்டியே போய்ச் சேர்ந்தது. வந்து இறங்கியவை 155 ஜீப்புகள். அவையும் ராணுவத்துக்கு உதவாத நிலையில் இருந்தன.

நாடாளுமன்றம் கேட்டது. பொதுக் கணக்குக் குழுவும் துருவியது. கடைசியில் 1955 செப்டம்பர் 30-ம் தேதி, இந்த விவகாரம் முடிந்துவிட்டது என்று உள்துறை அமைச்சர் கோவிந்த் வல்லப் பந்த் அறிவித்தார். சில மாதங்களில் மேனன் மத்திய அமைச்சரானார். 1957-ல் அவரே பாதுகாப்பு அமைச்சர். 1962 சீனப் போரின் பின்னடைவுக்குப் பிறகு, சொந்தக் கட்சியின் எம்.பி-க்களே கொடுத்த நெருக்கடியில்தான் பதவியை விட்டுப் போனார்.

அந்தப் போருக்கு முன்பும் நாடாளுமன்றம் இருட்டில் வைக்கப்பட்டிருந்தது. லடாக்கின் அக்சாய் சின் வழியாகச் சீனா சாலை போட்டது 1957-லேயே அரசின் கவனத்துக்கு வந்தது. 1958 அக்டோபரில் சீனாவுக்கு எதிர்ப்புக் கடிதமும் போனது. ஆனால், எம்.பி-க்களுக்கு விஷயம் தெரிந்தது 1959 ஆகஸ்ட் கடைசியில், நேரு அவையில் பதில் சொன்னபோதுதான். விடாமல் கேட்டதன் பலனாக அந்த செப்டம்பர் 7-ம் தேதி, இரு நாடுகளின் கடிதப் போக்குவரத்தை வெள்ளை அறிக்கையாகவே அவையில் வைத்தார் பிரதமர். எல்லை விவகாரத்தை மக்கள் முழுதாகப் படிக்க முடிந்தது அதன் பிறகுதான்.

பனிமலையில் ஒரு கண்ணாடி

பழைய கதை போதும் என்பவர்களுக்கு, நம் காலத்துக் கணக்கு ஒன்று.

2016 பிப்ரவரி 3. சியாச்சினில் சுமார் 19,600 அடி உயரத்தில் இருந்த காவல் முகாமின் மீது பனிச்சரிவு விழுந்தது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த 10 பேரை நாடு இழந்தது. அவர்களில் 4 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். அதற்குச் சில வாரங்கள் முன்புதான், 1984 முதல் சியாச்சினில் 869 வீரர்கள் இறந்திருக்கிறார்கள் என்ற கணக்கை அரசு நாடாளுமன்றத்தில் கொடுத்திருந்தது. அங்கே பெரும்பாலான உயிர்களைப் பறித்தது எதிரியின் குண்டு இல்லை. குளிரும் பனியும் உயரமும்தான்.

அப்படிப்பட்ட இடத்தில் உடுப்பும் காலணியும் கண்ணாடியும் துப்பாக்கி அளவுக்கே முக்கியம். பனியில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்பார்வையைப் பாதிக்கும். 2015-16 முதல் 2017-18 வரையிலான கொள்முதலை ஆராய்ந்த மத்திய தணிக்கைத் துறையின் அறிக்கை, 2020 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. பனிக்கண்ணாடியில் 62% முதல் 98% வரை பற்றாக்குறை. 2015 நவம்பர் முதல் 2016 செப்டம்பர் வரை பல வகைப் பயன்பாட்டுக்கான பூட்ஸ் வழங்கப்படவே இல்லை. முகக்கவசம், ஜாக்கெட், தூக்கப் பை எல்லாம் பழைய மாடல்.

அது பழைய காலத்துக் கணக்கு, இப்போது வீரர்களுக்கு எல்லாம் கிடைக்கிறது என்பது ராணுவத்தின் பதில். அந்தப் பதில் வெளியே வந்ததற்கே அந்த அறிக்கைதான் காரணம். மகனைப் பனிமலைக்கு அனுப்பிவிட்டு வீடியோ காலுக்குக் காத்திருக்கும் ஓர் அம்மாவுக்கு, இந்தக் கேள்வி தேசவிரோதமாகத் தெரியாது.

கேள்வி நேரம்... எப்படி நடக்கிறது?

மக்களவை கூடும் நாள்களில் காலை 11 மணி முதல் 12 மணி வரை கேள்வி நேரம். மாநிலங்களவையில் 12 மணிக்கு. குறைந்தது 15 நாள்களுக்கு முன்பே எம்.பி கேள்வியை எழுதிக் கொடுக்க வேண்டும். வந்து குவிவதில் குலுக்கல் முறையில் தேர்வு நடக்கும்.

● நட்சத்திரக் குறியிட்ட கேள்வி: அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும். மக்களவையில் ஒரு நாளைக்கு 20. இதில்தான் துணைக் கேள்வி கேட்கலாம். அதிகாரிகள் எழுதிக் கொடுத்த பதிலைத் தாண்டி, அமைச்சருக்கு விஷயம் தெரியுமா என்பது தெரியவருவது இந்தத் துணைக் கேள்வியில்தான்.

● நட்சத்திரக் குறியில்லாத கேள்வி: எழுத்தில் பதில். மக்களவையில் ஒரு நாளைக்கு 230 வரை.

● 'தகவல் திரட்டி அவையில் வைக்கப்படும்' என்று அமைச்சர் சொன்னால், அது வெறும் வார்த்தை இல்லை. வாக்குறுதியாகப் பதிவாகும். 3 மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். அதைக் கண்காணிக்கத் தனிக் குழுவே இருக்கிறது.

● ரகசியத்தன்மை உள்ள விஷயங்களைக் கேட்க முடியாது. படைகள் எங்கே நிற்கின்றன என்பது ரகசியமாக இருக்கலாம். பூட்ஸ் வாங்கினார்களா என்பதுமா ரகசியம் என்ற சண்டைதான் காலம்காலமாக நடக்கிறது.

செலவுக் கணக்கைத் துருவுவது பொதுக் கணக்குக் குழு. மொத்தம் 22 எம்.பி-க்கள். 1967 முதல் எதிர்க்கட்சி எம்.பி-யைத் தலைவராக்குவது மரபு. ஆளுங்கட்சியின் செலவை எதிர்க்கட்சி சரிபார்க்கும் ஏற்பாடு அது.

கேட்காமல் போன நேரங்கள்

கேள்விக்கு மதிப்பு இருப்பதால்தான் அதற்கு விலையும் பேசப்பட்டது. பணம் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்க முன்வந்தது ரகசிய கேமராவில் அம்பலமாகி, 2005 டிசம்பரில் 11 எம்.பி-க்கள் பதவி நீக்கப்பட்டார்கள்.

கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காமல் போனதும் உண்டு. 2018 மார்ச்சில், அமளிக்கு நடுவே, எல்லா அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகளையும் மக்களவை விவாதமே இல்லாமல் நிறைவேற்றியது. பாதுகாப்புத் துறைக்கான செலவும் அதில் அடக்கம். அமளிக்கு யார் காரணம் என்று இரு தரப்பும் மாறி மாறிக் கைகாட்டின. கணக்கு கேட்க ஆளில்லாமல் போனது என்னவோ நிஜம்.

2020 ஜூனில் கல்வானில் தமிழ்நாட்டு வீரர் உட்பட 20 பேர் உயிர்த்தியாகம் செய்தார்கள். அதற்குப் பிறகு கூடிய முதல் கூட்டத்தொடரில், கொரோனாவைக் காரணம் காட்டி, கேள்வி நேரமே ரத்தானது. அமைச்சர் அறிக்கை படித்தார். எழுத்துக் கேள்விக்குப் பதில் வந்தது. கேள்வி நேரத்தில் எழுந்து துணைக் கேள்வி கேட்கும் வாய்ப்பு மட்டும் இல்லை.

2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புத் துறைக்கு ஒதுக்கப்பட்டது சுமார் 6.81 லட்சம் கோடி ரூபாய். தீப்பெட்டி வாங்கும்போதும் வரி கட்டும் ஒவ்வொருவரின் காசும் இதில் இருக்கிறது.

நீங்களும் பார்க்கலாம்

அவையில் பேசியதை உள்ளபடி வெளியிட்டால் பத்திரிகைகள் மீது வழக்கு போட முடியாது என்ற பாதுகாப்பை 1956-ல் சட்டமாக்கியது, ஃபெரோஸ் காந்தி கொண்டுவந்த தனிநபர் மசோதா. அவர் 1960 செப்டம்பரில், 48 வயது முடிவதற்கு முன்பே காலமானார். நெருக்கடி நிலையின்போது அந்தச் சட்டத்தை 1976-ல் ரத்து செய்தது அவருடைய மனைவி இந்திராவின் அரசு. 1977-ல் ஆட்சி மாறியதும் சட்டம் திரும்ப வந்தது.

இன்றைக்கு அவ்வளவு சிரமம் இல்லை. நாடாளுமன்றத்தின் 'சன்சத்' இணையதளத்தில் எம்.பி பெயரைத் தேர்ந்தெடுத்தால், அவர் கேட்ட கேள்வியும் அமைச்சர் சொன்ன பதிலும் தேதியோடு வரும். உங்கள் தொகுதி எம்.பி கடந்த கூட்டத்தொடரில் எத்தனை கேள்வி கேட்டார், அதில் எத்தனை உங்கள் ஊர்ப் பிரச்னை என்று ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

அடுத்த முறை அவர் ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வரும்போது, அந்தப் பக்கத்தை போனில் திறந்து வைத்துக்கொண்டு நீங்கள் ஒரு கேள்வி கேட்கலாம். பதில் நழுவினால், துணைக் கேள்வியும் கேட்கலாம்.