சொட்டுக் கணக்கு

குளோரின் வாடை குப்பென்று மூக்கில் ஏறினால் தண்ணீர் சுத்தம். கண் சிவந்தால் மருந்து நன்றாக வேலை செய்கிறது. 1950களிலும் 60களிலும் கலிபோர்னியா, ஃபுளோரிடா, அரிசோனா பக்கம் கொல்லைப்புறத்தில் நீச்சல் குளம் கட்டிக்கொண்ட அமெரிக்கர்கள் பலர் இப்படித்தான் நம்பினார்கள். இன்று அதே கொல்லைப்புறத்தில் அந்த வாடை வந்தால் விஷயம் தெரிந்த வீட்டுக்காரர் முகம் சுளிக்கிறார். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாக்கும் குளோரமைன்தான் வாடைக்கும் கண் எரிச்சலுக்கும் காரணம் என்பது அவருக்குத் தெரியும். நன்றாகப் பராமரித்த குளத்தில் வாடை ஏறக்குறைய இருக்காது. மூக்கைத் துளைக்கிறது என்றால் குளோரின் கூடிப்போனது என்பதைவிடப் போதவில்லை என்பதற்கே வாய்ப்பு அதிகம்.

குளோரினுக்கும் முந்தைய காலம் ஒன்று உண்டு. குளத்தை நிரப்புவார்கள், சில நாள் குளிப்பார்கள், தண்ணீர் கலங்கத் தொடங்கியதும் திறந்துவிட்டுச் சுவரைத் தேய்த்துக் கழுவி மறுபடி நிரப்புவார்கள். கண்ணைத் தவிர வேறு சோதனைக் கருவி கிடையாது. 1908-ல் ஜெர்சி சிட்டி தன் குடிநீரில் குளோரின் கலக்கத் தொடங்கியது. 1910-ல் ரோட் ஐலண்டில் உள்ள பிரவுன் பல்கலைக்கழகத்து நீச்சல் குளத்தில் ஜான் பங்கர் என்பவர் பிளீச்சிங் பவுடரைப் போட்டுப் பார்த்தார். நம் ஊராட்சிக் கிணறுகளில் மழைக்காலத்தில் கொட்டுகிறார்களே, அதே வெள்ளைத் தூள்தான்.

அப்போதெல்லாம் வீட்டில் குளம் என்பது மேரி பிக்ஃபோர்டு மாதிரி ஹாலிவுட் நட்சத்திரங்களுக்கு உரிய விஷயம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, கம்பிக் கட்டின்மேல் சிமெண்ட் கலவையைக் குழாயால் பீய்ச்சி அடிக்கும் முறை பரவியதும் விலை நடுத்தர வர்க்கத்துக்கு எட்டியது. போலியோ பயத்தால் கோடையில் பொதுக் குளங்களை மூடியதும் ஒரு காரணம். இன்னொரு காரணம் அவ்வளவு வெளிப்படையாகப் பேசப்படுவதில்லை. பொதுக் குளங்களைக் கறுப்பின மக்களுக்கும் திறந்துவிட வேண்டிய நிலை வந்தபோது வெள்ளையர் பலர் அந்தக் குளங்களையே கைவிட்டுத் தனியார் கிளப்புக்கும் சொந்தக் கொல்லைக்கும் ஒதுங்கினார்கள். வரலாற்றாசிரியர் ஜெஃப் வில்ட்ஸ் 2007-ல் வெளியிட்ட நூல் இதை விரிவாகச் சொல்கிறது.

எப்படியோ, குளம் வீட்டுக்குள் வந்துவிட்டது. அதைப் பார்த்துக்கொள்ளும் ஆள் வரவில்லை. பொதுக் குளத்தில் தண்ணீரைக் கவனிக்கச் சம்பளத்துக்கு ஒருவர் இருந்தார். கொல்லைக் குளத்தில் அந்த வேலை, காலையில் ஆபீஸ் கிளம்பும் வீட்டுக்காரர் தலையில் விழுந்தது.

அவருக்காக வந்ததுதான் இரண்டு குழல் கொண்ட சின்ன டெஸ்ட் கிட். ஒரு குழலில் ஆர்த்தோடோலிடின் ஐந்து சொட்டு விட்டால் தண்ணீர் மஞ்சளாகும். மஞ்சள் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு குளோரின். மற்றதில் ஃபீனால் ரெட். பிஎச் இறங்கினால் மஞ்சள், ஏறினால் சிவப்பு. பக்கத்தில் இருக்கும் வண்ணக் கட்டங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியது. மலிவு, ஒரு நிமிட வேலை, பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் செய்துவிடலாம். இந்தக் கிட்டைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒன்றுமே பார்க்காமல் கொட்டியதற்கு இது எவ்வளவோ மேல்.

ஆனால் அந்த மஞ்சள் சொல்வது பாதி உண்மை. கிருமியைக் கொல்லத் தயாராக நிற்கும் குளோரினையும், அழுக்கோடு ஏற்கெனவே கூடிச் செயலிழந்த குளோரினையும் அது ஒன்றாகவே எண்ணிவிடும், வேலைக்கு வராதவர்களையும் வருகைப் பதிவேட்டில் ஏற்றிவிட்ட மேஸ்திரி மாதிரி. வாடை அடிக்கிறது, குழலும் நல்ல மஞ்சள். ஆகவே குளோரின் ஏராளம், இனி போட வேண்டாம் என்று வீட்டுக்காரர் முடிவு செய்வார். கையில் இருந்த தகவலுக்கு அது நியாயமான முடிவுதான். தகவல்தான் தவறு.

இங்கிலாந்தின் நியூகாசிலில் குடிநீர் வேதியியலாளராக இருந்த ஆர்தர் பாலின் 1957-ல் வெளியிட்ட டிபிடி முறை இந்த இரண்டையும் பிரித்தது. முதல் மருந்துக்கு வரும் இளஞ்சிவப்பு, வேலை செய்யும் குளோரின். பிறகு பொட்டாசியம் அயோடைடு சேர்த்ததும் கூடுதலாக ஏறும் நிறம், கட்டுண்ட குளோரின். ஆர்த்தோடோலிடின் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற ஐயமும் சேர்ந்துகொள்ள, ஆய்வகங்கள் மஞ்சளைக் கைவிட்டன. வீட்டுக்காரர்கள் முழுதாகக் கைவிடவில்லை. கடை அலமாரிகளில் அது இன்றும் இருக்கிறது. டிபிடியிலும் ஒரு கண்ணாமூச்சி உண்டு. குளோரின் மிக அதிகமாக இருந்தால் இளஞ்சிவப்பே வெளுத்துப்போய்க் குழல் நிறமற்று நிற்கும். மருந்து விழுந்த கணத்தில் நிறம் வந்து மறைந்ததைக் கவனிக்காதவர், ‘குளோரினே இல்லை’ என்று இன்னும் ஒரு கேன் கொட்டுவார்.

இதெல்லாம் சில்லறைச் சிக்கல். பெரிய சிக்கலைக் கொண்டுவந்தது வெயில்.

திறந்த வெளியில் நல்ல வெயில் அடித்தால் தண்ணீரில் உள்ள குளோரினில் பாதி ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். சயனூரிக் அமிலம் கொஞ்சம் இருந்தால் அது குளோரினைப் பிடித்துவைத்துக் காப்பாற்றும். இரண்டையும் ஒன்றாக்கி ட்ரைகுளோர் என்று வில்லையாக விற்கத் தொடங்கினார்கள். உள்ளங்கை அகல வில்லை. மிதவையில் நாலைந்து போட்டுவிட்டால் ஒரு வாரம் தானே கரையும். சொட்டு மருந்துக்குப் பதில், நனைத்து எடுத்தால் போதும் என்ற காகிதப் பட்டைகள் வந்தன. அதுவும் முடியாதவர்கள் ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு கடைக்குப் போனார்கள். கடைக்காரர் இலவசமாகச் சோதித்துக் கணினியில் ஒரு சீட்டு எடுத்துக் கொடுப்பார். அதில் வாங்க வேண்டிய டப்பாக்களின் பெயர் இருக்கும். சும்மா சோதித்துத் தருபவரே மருந்தும் விற்கிறவர் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த நடுக்காலத்தைத்தான் நான் மோசமான காலம் என்பேன். மஞ்சள் குழல் காலத்து ஆளுக்குத் தன் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்திருந்தது.

கணக்கு போட்டுப் பாருங்கள். ட்ரைகுளோர் வில்லை 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) குளோரின் தரும்போது கூடவே சுமார் 6 பிபிஎம் சயனூரிக் அமிலத்தையும் விட்டுப்போகிறது. குளோரின் அன்றாடம் செலவாகிவிடும். அமிலம் அப்படிச் செலவாகாது, ஆவியாகவும் ஆகாது. கோடையில் நாளுக்கு 2.5 பிபிஎம் குளோரின் செலவு என்றால் 100 நாளில் 250 பிபிஎம். அதோடு 150 பிபிஎம் அமிலம். அது ஏறுவதைக் கண்ணால் பார்க்க முடியாது.

காப்பாற்றும் பிடியே கழுத்தைப் பிடிப்பதும் இங்கேதான். அமிலம் கூடக் கூட, கிருமியையும் பாசியையும் கொல்ல விடுபட்டு நிற்கும் குளோரின் குறையும். ஜே. இ. ஓ’பிரையன் 1972-ல் ஹார்வர்டில் அளித்த முனைவர் பட்ட ஆய்வு இந்தச் சமநிலையை அளந்து காட்டிவிட்டது. ஆனால் கிட் பெட்டிகளில் ‘1 முதல் 3 வரை சரி’ என்ற வண்ணக் கட்டம் அப்படியே இருந்தது. இன்று சொந்தமாகச் சோதிப்பவர்கள் கைக்கொள்ளும் விதி வேறு: குளோரின், சயனூரிக் அமிலத்தின் அளவில் 7.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அமிலம் 30 என்றால் குளோரின் 2.25 போதும். 150 என்றால் 11-க்கு மேல் வேண்டும். பெட்டி 3-ஐச் சரி என்கிறது, குளம் பச்சையாகிறது. கடைக்காரர் பாசிக்கொல்லி ஒரு டப்பா எடுத்து வைக்கிறார். பல வீடுகளின் கோடை இப்படித்தான் கழிந்தது.

2000த்துக்குப் பிறகு வீட்டுக்காரர்களில் ஒரு சாரார் ஓ’பிரையனின் எண்களைத் தோண்டி எடுத்துத் தாங்களே கணக்குப் போட ஆரம்பித்தார்கள். வில்லையை விட்டு, மளிகைக்கடை பிளீச், போராக்ஸ், பேக்கிங் சோடா என்று வந்தார்கள். கூடவே வந்தது சொட்டு எண்ணும் கிட். 10 மில்லி தண்ணீரில் ஒரு கரண்டி டிபிடி தூளைப் போட்டால் ரோஜா நிறம். பிறகு ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். நிறம் பட்டென்று மறையும் சொட்டில் நிறுத்த வேண்டும். ஒரு சொட்டுக்கு 0.5 பிபிஎம். எட்டாவது சொட்டில் நிறம் போனால் 4. எந்தக் கட்டத்தோடும் ஒப்பிட வேண்டாம். ‘இது வெளிர் ரோஜாவா, கொஞ்சம் அடர்ந்த ரோஜாவா’ என்று கணவனும் மனைவியும் வாதாட வேண்டாம்.

அந்தச் சொட்டு பாட்டிலில் இருப்பது ஃபெரஸ் அம்மோனியம் சல்ஃபேட். பிளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டோடு பியூரெட் பிடித்துக்கொண்டு நின்றோமே, அதே மோர் உப்பு! கால்சியம் கடினத்தன்மைக்கு, சிவப்பு நீலமாக மாறும் வரை விடும் சொட்டு, பொறியியல் முதலாண்டில் செய்த ஈடிடிஏ தரம்பார்த்தலின் சின்னத் தம்பி. டல்லாஸ், ஹூஸ்டன் புறநகர்களில் குளத்தோடு வீடு வாங்கிய நம்மவர்களுக்கு இந்தக் கிட் புதிதாகத் தெரிய வேண்டியதில்லை. அன்று ரெக்கார்டு நோட்டுக்காக எடுத்த அளவு, இன்று பிள்ளைகள் இறங்கும் தண்ணீருக்கு.

நடைமுறை அப்படியொன்றும் கடினமில்லை. 40,000 லிட்டர் குளத்தில் 10 சதவீதத் திரவ குளோரின் ஒரு லிட்டர் விட்டால் 2.5 பிபிஎம் ஏறும். பிஎச் 7.8-ஐத் தாண்டினால் மியூரியாட்டிக் அமிலம், அதாவது நாம் கழிவறைக்கு வாங்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம், அளந்து விட வேண்டும். பாசி கண்ணுக்குத் தெரியாமல் கிளம்பியிருக்கிறதோ என்ற சந்தேகம் வந்தால் அழகான ஒரு சோதனை உண்டு. பொழுது சாய்ந்ததும் ஒரு முறை, மறுநாள் வெயில் வரும் முன் ஒரு முறை குளோரினை எடுத்துப் பார்ப்பது. இரவில் குளோரினைத் தின்ன சூரியன் இல்லை. அப்படியும் 1 பிபிஎம்முக்கு மேல் குறைந்திருந்தால் தின்றது தண்ணீருக்குள் இருக்கிறது. கண்ணுக்குப் பச்சை தெரிவதற்கு முன்பே சொட்டு காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த மாற்றம் பரவ ஒரு புயலும் உதவியது. 2020 ஆகஸ்டில் லாரா சூறாவளியைத் தொடர்ந்து லூசியானாவின் லேக் சார்ல்ஸ் அருகே, இந்த வில்லைகளைத் தயாரித்த பயோலேப் நிறுவனத்தின் ஆலை எரிந்தது. அடுத்த கோடையில் ட்ரைகுளோர் வில்லைக்குத் தட்டுப்பாடு, விலை தாறுமாறு. 2024 செப்டம்பரில் ஜார்ஜியா மாநிலம் கோன்யர்ஸில் அதே நிறுவனத்தின் இன்னொரு ஆலையில் தீப்பிடித்துக் குளோரின் புகை கிளம்ப, ஆயிரக்கணக்கானோர் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது.

தெளிந்த தண்ணீர் என்ற பேச்சில் ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கலைத் தெளிய வைத்த நம் பாட்டிகளின் தண்ணீர் தெளிந்தது உண்மை. கிருமியெல்லாம் செத்தது என்று சொல்ல முடியாது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்குக் கிருமி, முறையாகக் குளோரின் போட்ட பளிங்குத் தண்ணீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடிருக்கும். அதற்காகத் தெளிவு வெறும் அழகு என்றும் தள்ளிவிட முடியாது. 2011 ஜூனில் மாசசூசெட்ஸின் ஃபால் ரிவர் நகரப் பொதுக் குளத்தில் மூழ்கிய ஒரு பெண்ணின் உடல் இரண்டு நாள் யார் கண்ணிலும் படவில்லை. மக்கள் அதே குளத்தில் குளித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் அவ்வளவு கலங்கல். ஆழமான இடத்தின் அடியில் உள்ள வடிகால் மூடி தெளிவாகத் தெரியாவிட்டால் யாரும் இறங்கக் கூடாது என்ற விதியை வீட்டிலும் கடைப்பிடிப்பது நல்லது.

இப்போது குளத்தில் மிதந்தபடி கைபேசிக்கு எண் அனுப்பும் கருவிகள் வந்துவிட்டன. எனக்கு அவற்றின்மேல் அவ்வளவு மயக்கமில்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் டைவிங் குளம் உலகமே பார்க்கப் பச்சையானது. குளோரின் இருந்த தண்ணீரில் யாரோ 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றி, குளோரினைச் செயலிழக்க வைத்திருந்தார்கள். கருவிக்கும் ஆளுக்கும் அங்கே பஞ்சமா? பல மிதவைக் கருவிகள் சயனூரிக் அமிலத்தை அளப்பதும் இல்லை. அதற்கு இன்றைக்கும் பழைய வித்தைதான்: மருந்து கலந்ததும் பாலாய்க் கலங்கும் தண்ணீரை, அடியில் கறுப்புப் புள்ளி வைத்த குழலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, குழலை இடுப்பு உயரத்தில் பிடித்து, புள்ளி எங்கே மறைகிறது என்று பார்க்க வேண்டும்.

அந்த எண் 100 என்று வந்தால், பாதியாக்க வீட்டில் கைகண்ட வழி பாதித் தண்ணீரை மாற்றுவதுதான். 40,000 லிட்டர் குளமென்றால் 20,000 லிட்டர். 1976-77 வறட்சியில் காலியாகக் கிடந்த கலிபோர்னியாக் குளங்களில் பையன்கள் ஸ்கேட்போர்டு ஓட்டி ஒரு விளையாட்டையே வளர்த்தார்கள்; அதே மேற்குப் பகுதியில் இன்றும் தண்ணீருக்குத் தட்டுப்பாடு. பீனிக்ஸில் குளத்துத் தண்ணீரைத் தெருவில் திறந்துவிடக் கூடாது. வீட்டுக் கழிவுநீர்க் குழாயின் மூடியைத் திறந்து அதற்குள் மெல்ல விட வேண்டும். சொட்டுக் கணக்கு பழகியவர்கள் வில்லையை ஒரேயடியாக ஒதுக்குவதில்லை. இரண்டு வாரம் ஊருக்குப் போகும்போது மட்டும் மிதவையில் போட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். திரும்பியதும் கறுப்புப் புள்ளிக் குழலை எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி திரவ குளோரினுக்கு வந்துவிடுகிறார்கள்.